உன் அண்ணனின் மற்ற நாட்கள்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மாவிட்டைக் கேட்டுப்போட்டு எழுதிறன்" என்றேன். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. தானாக அறுந்ததா, நீ வைத்தாயா என்று எனக்குத் தெரியாது. இங்கே லைன் அறுவதற்குக் காரணம் தேவையில்லை என்பதால் தானாக அறுந்தது என்றே வைத்துக்கொள்கிறேன்.

உன் கேள்வியை முதலில் முழுதாக எழுதிவிடுகிறேன். தை மாதம் உனக்குக் கலியாணம். ஸ்பெயினில், நீ தாதியாக வேலை செய்கிற ஊரின் கோயிலில். கலியாணப் பூசையில் இரண்டு குடும்பங்களிலும் இறந்தவர்களை நினைத்து மன்றாடுகிற இடம் ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பெயர்களைக் கொடுத்துவிட்டார்கள். அங்குள்ள பங்குச் சுவாமி உன் பக்கத்துப் பெயர்களைக் கேட்டிருக்கிறார். "அண்ணாவின்ர பேரையும் குடுக்கிறதோ, அப்பா?" என்று கேட்டாய். அதற்கு முன்பு, அதைவிடச் சின்னதுபோலத் தெரிந்த இன்னொரு கேள்வியும் கேட்டாய். மாப்பிள்ளையின் தாய் உன்னிடம் அண்ணாவைப் பற்றி விசாரித்தாராம், உனக்கு வாய் வரவில்லையாம், என்ன சொல்லலாம் என்றாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

இதைத் தபாலில் போடாமல் நான் வேலை செய்கிற பத்திரிகையின் ஞாயிறு இதழுக்குக் கொடுக்கிறேன். நீ அதை அங்கே இணையத்தில் வாசிப்பாய். தபாலில் போட்டால் வழியில் யாரோ ஒருவர் பிரித்து வாசிக்கத்தான் போகிறார். ஒருவர் வாசிப்பதை எல்லாரும் வாசிக்கட்டும். அதோடு, மன்னாரில் இதே கேள்வி இருக்கிற வீடு எங்களுடையது மட்டும் இல்லை. தோட்டவெளியில் எங்கள் ஒழுங்கையிலேயே இன்னொன்று இருக்கிறது.

உன் அண்ணன் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவன். கடலுக்குத் தடை போட்டிருந்த மாதங்களில் வள்ளங்கள் கரையில் கிடக்கும், அவனுக்கு வேலை இராது. அப்போது வயல்காரரின் தண்ணீர்ப் பம்புகளைத் திருத்தத் தீவிலிருந்து பாலம் தாண்டிப் பெருநிலப்பக்கம் போவான். அப்படித்தான் அன்று உயிலங்குளத்தில் ஒருவரின் பம்பைப் பார்க்கப் புறப்பட்டான். பாலம் தாண்டியதைக் கண்டவர்கள் உண்டு. உயிலங்குளத்தில் அவனைக் கண்டவர்கள் இல்லை. இந்த இரண்டு வசனங்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்று நான் இதுவரை எழுதியதில்லை, எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதச் சொன்னவர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள்.

பிறகு நீயும் அம்மாவும் கந்தோர் கந்தோராக ஏறியதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. விதானையார், பொலிஸ், ஆமிக் காம்ப், கச்சேரி, மனித உரிமைக் காரியாலயம், வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகள். உனக்கு இங்கிலிசும் கொஞ்சம் சிங்களமும் தெரிந்ததால் சொல்லுகிறவள் நீதான். எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான்: உன் அண்ணனைப் பற்றிச் சொல். நீ சொல்லுவாய்: காலமை வெளிக்கிட்டவர், நீலக் கோடு போட்ட சாரம், வெள்ளை ரீசேட், கறுப்புச் சைக்கிள், பின் கரியரில் ஆயுதப் பெட்டி. திருத்துகிற கருவிகளைத்தான் நாங்கள் ஆயுதம் என்போம்; பொலிஸில் அந்தச் சொல்லால் வந்த வில்லங்கத்துக்குப் பிறகு அதைச் ‘சாமான் பெட்டி’ என்று மாற்றினாய். இடது முழங்கையில் சூட்டுக்காயம் ஒன்று இருந்தது. எஞ்சின் குழாய் சுட்டது என்று உடனே சேர்த்துச் சொல்லவும் பழகினாய். மூன்று மொழியில் அதே ஒழுங்கில், ஒரு சொல் கூடாமல் குறையாமல். நான் செய்தி எழுதிக் கொடுத்ததும் அந்த ஒழுங்கில்தான். காலப்போக்கில் வீட்டிலும் அப்படியே ஆகிவிட்டது. உறவுக்காரர் வந்து அவனை நினைத்துக் கவலைப்பட்டால் நாங்கள் அந்த நாளைத்தான் சொன்னோம். இருபத்துநாலு வருடம் எங்களோடு இருந்த பிள்ளைக்கு ஒரு காலைநேரம் மட்டும் மிஞ்சியது. அப்படி ஆனதை நாங்கள் மூன்று பேரும் கவனிக்கவில்லை.

அதை எங்களுக்குக் காட்டியது ஸ்பானியச் சிஸ்டரிடம் நீ படித்த பாடம். உனக்கு நினைவு வந்திருக்கும். ஆனால் அன்று நீ புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் உங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே நான் கண்டதையும் கேட்டுக்கொள்.

சிஸ்டர் முதலில் இந்தியாவில் பல வருடம் கன்னியாஸ்திரியாக வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர். அவருடைய தமிழ் ‘வாங்க, போங்க’ தமிழ். ஒழுங்கைப் பிள்ளைகள் அவரைக் கண்டதும் "சாப்ட்டீங்களா சிஸ்டர்" என்று பகிடி பண்ணுவார்கள், அவரும் "சாப்பிட்டனான்" என்று எங்கள் தமிழில் திருப்பிக் கொடுப்பார். உன்னைத் தங்கள் சபையின் ஆஸ்பத்திரிக்குத் தாதிப் படிப்புக்கு அனுப்ப ஒழுங்கு செய்துவிட்டு, போகுமுன் மொழி படிப்பிக்கப் பின்னேரங்களில் சைக்கிளில் வந்துபோனார். நீங்கள் இருவரும் முன் அறையில் கதிரையைப் போட்டு இருப்பீர்கள். அதே அறையின் மற்ற மூலையில் நான் செய்தி எழுதுவேன். அம்மா குசினியில். எங்கள் வீட்டில் குசினிக்குக் கதவு இல்லை, துணி மட்டும்தான்.

அன்று ஒரு வினைச்சொல்தான் பாடம். ‘செய்’ என்பது. ஒரு தடவை செய்ததைச் சொல்லுவது முதல் கிழமை முடிந்துவிட்டது. இப்போது, முன்பு வழக்கமாகச் செய்துவந்ததைச் சொல்லுவது. ‘அஸீயா.’ சிஸ்டர் நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்து அதைச் சொல்லுவார், உனக்கு அது வரவில்லை. "தினமும், எப்பவும், சின்ன வயசில. அப்படி யோசிங்க" என்றார். நீ உடனே பிடித்துக்கொண்டாய். "ஓ, எங்கட ‘செய்யிறவை’ மாதிரி. முந்தி இஞ்ச ரெயில் வாறது. அப்பா தலைமன்னாருக்குச் செய்தி எடுக்க ரெயிலில போறவர்" என்றாய். முன்பு வழக்கமாகச் செய்ததையும் நாங்கள் ‘செய்கிறவர்’ என்றே சொல்லுவோம் என்று சிஸ்டர் தன் கொப்பியில் தமிழில் எழுதிவைத்தார். பிறகு கேள்வி கேட்கத் தொடங்கினார். உன் அம்மா என்ன செய்கிறவர்? மீன் காய்ச்சுகிறவர். உன் அப்பா? எழுதுகிறவர்.

"அப்பா இப்பவும் எழுதுறாரே" என்றார் சிஸ்டர்.

"எழுதிறார். பேப்பரிலதான் வாறேல்லை" என்றாய் நீ. தணிக்கைக் காலம் அது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் எனக்கும் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு அவர் எந்த யோசனையும் இல்லாமல், பாடத்தின் ஒழுங்கில், அடுத்த கேள்வியைக் கேட்டார். "கே அஸீயா து எர்மானோ?" உன் அண்ணன் என்ன செய்கிறவர்?

நீ நிமிர்ந்து இருந்தாய். கையை மடியில் வைத்தாய். கந்தோரில் இருக்கிறமாதிரி. "காலமை வீட்டில இருந்து வெளிக்கிட்டவர். நீலக் கோடு போட்ட சாரம், வெள்ளை ரீசேட்..." ஸ்பானிய மொழியில் தெரிந்த சொற்களை அதிலும், தெரியாததை இங்கிலிசிலும், அதுவும் முடியாதபோது தமிழிலும் சொன்னாய். சைக்கிள், சாமான் பெட்டி, முழங்கை. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சிஸ்டர் முழுவதையும் கேட்டார். நீ கேள்வியை விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்து அதையே இன்னொரு தடவை மெதுவாகக் கேட்டார். நீ இன்னொரு தடவை மெதுவாக அதையே சொன்னாய்.

குசினியில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

"அந்த நாள் இல்லம்மா" என்றார் சிஸ்டர். "மத்த நாளெல்லாம்."

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்கு இன்றும் இருக்கிறது. நானும் தேடினேன், பிள்ளை. எழுத்தையே தொழிலாகக் கொண்டவன் நான். என் மகன் வழக்கமாகச் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லச் சொன்னபோது எனக்கும் நீலச் சாரம்தான் வந்தது.

"தேங்காய்ச் சொட்டுக் களவெடுக்கிறவன்" என்று துணிக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னார். "அதைச் சொல்லு அவவுக்கு. நான் துருவேக்குள்ள பின்னால வந்து நிண்டு அரைவாசியை எடுத்துத் திண்டுபோட்டு, சம்பல் காணாதெண்டு என்னோடயே சண்டை பிடிக்கிறவன்."

சிஸ்டர் அதற்கு உரிய சொல்லைக் கொடுத்தார். ரொபாபா. அம்மா துணியை விலக்கி, "என்னது?" என்றார். சிஸ்டர் திரும்பச் சொன்னார். அம்மா சிரித்தார். "கள்ளனுக்கு நல்ல வடிவான சொல்லுத்தான் வச்சிருக்கினம்." கையில் தேங்காய்ப் பாதியோடு வந்து உன் கதிரைக்குப் பின்னால் நின்றார். பிறகு பேச்சை நிறுத்தவில்லை. கோயிலில் பாடும்போது கடைசி வரியை முதலே பாடிவிட்டு, தான் சரியென்று மற்றவர்களைப் பார்க்கிறவன். அவன் பாடுவது கந்தாபா. ஆத்துக் கருவாடு என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு கோப்பை சோறு சாப்பிடுகிறவன். கொமீயா. "இவளுக்குப் பேன் பாக்கிறன் எண்டு தலையை நல்லாக் கலைச்சுப்போட்டு ஓடிற..." என்று அம்மா தொடங்கியபோது, "அது பேன் பாக்கிறேல்லை அம்மா, அடிக்கிறது" என்று நீ சொன்னாய். நானும் ஒன்று சொன்னேன். என் சைக்கிளை ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்காமலே கழற்றிப் பூட்டுகிறவன், பூட்டி முடித்ததும் ஒரு ஆணி மிஞ்சும், அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து "இது உங்கட சைக்கிளுக்குத் தேவையில்லாத ஆணி" என்கிறவன். சிஸ்டர் எல்லாவற்றுக்கும் சொல் கொடுத்துக்கொண்டே இருந்தார். இருட்டும் முன் சோதனைச் சாவடி தாண்டவேண்டும் என்று எழும்பியபோது அவருடைய கொப்பியில் இரண்டு பக்கம் நிறைந்திருந்தது. அவர் போனபிறகு அம்மா கோழிக்கூட்டுப் பக்கம் போய் நெடுநேரம் வரவில்லை. நீயும் நானும் கூப்பிடப் போகவில்லை. கூப்பிடாமல் விட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே உன் முதல் கேள்விக்குப் பதில் உன்னிடமே இருக்கிறது. அதையும் அந்த நாட்டின் மொழியிலேயே படித்திருக்கிறாய். மாப்பிள்ளையின் தாய்க்குத் தேங்காய்ச் சொட்டைச் சொல். ஆணியைச் சொல். பாலத்தைச் சொல்லாதே, இப்போதைக்கு. அது மறைப்பது ஆகாது. மாப்பிள்ளைக்கு நீ ஏற்கெனவே சொல்லியிருக்கிறாய், அது போதும். ஒரு புதுக் குடும்பத்துக்குள் போகும்போது முதலில் இரக்கத்தை வாங்கிக்கொண்டு போகக்கூடாது, மகள். இரக்கம் முதலில் வந்து கதிரையில் இருந்துவிட்டால் மற்றவை வந்து இருக்க இடம் இராது. அவர்கள் உன் அண்ணனை முதலில் ஒரு கள்ளனாக அறியட்டும். விரும்பட்டும். பிறகு ஒருநாள் அவன் எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது சொல்லு. விரும்பிய ஒருவனைப் பற்றிக் கேட்பவர்களின் காது வேறு.

இதை நான் தொழிலிலும் பழகப் பார்த்தேன். காணாமற்போனவர்களின் வீடுகளுக்கு நான் போவது அந்த ஒரு நாளைக் கேட்கத்தான். என்ன உடுப்பு, எந்த றோட்டு, யார் கடைசியாகக் கண்டது. அவை தேவை, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாடத்துக்குப் பிறகு, பேனையை மூடிய பின், ஒன்று கூடுதலாகக் கேட்பேன்: மகன் என்ன செய்யிறவர்? முள்ளிக்குளத்திலிருந்து இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்த தாயிடம் கேட்டேன். எல்லாவற்றையும் அதுவரை கண்ணீர் இல்லாமல் சொன்னவர், "நித்திரையில சிரிக்கிறவன்" என்றார். "என்னத்துக்குச் சிரிச்சனி எண்டு விடிய எழும்பினாக் கேப்பன். ‘உங்களுக்குச் சொல்லேலாது’ எண்டு சொல்லுவான்." அதையும் எழுதி அனுப்பினேன். கொழும்பில் ஆசிரியர் அதை வெட்டிவிட்டு, "அண்ணே, இது செய்திக்குத் தேவையில்லை" என்றார். அவர் பிழையானவர் இல்லை, இடம் குறைவு. நான் அனுப்புவதை விடவில்லை, அவர் வெட்டுவதையும் விடவில்லை.

இனி இரண்டாவது கேள்வி.

கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சேமக்காலையில் கல்லறைகளை மந்திரிக்கும்போது வீடு வீடாக இறந்தவர்களின் பெயர் கொடுப்பது உனக்குத் தெரியும். அம்மா வருடாவருடம் தன் தாய் தகப்பன் பெயரையும் என் தாய் தகப்பன் பெயரையும் கொடுப்பார். அதோடு நிறுத்துவார். நீ போனபிறகு ஒருமுறை, பெயர் சேர்க்க வந்த பெண் தயங்கித் தயங்கி, "ஒரு பூசை குடுத்தா ஆத்துமத்துக்கு ஆறுதல்தானே அக்கா" என்றார். "உன்ர மனிசனுக்கு ஒண்டு குடன்" என்றார் அம்மா. "அந்தாள் உயிரோட இருந்தும் ஆறுதல் இல்லாமல் திரியிது." அந்தப் பெண் சிரித்துக்கொண்டு போனார், பிறகு ஒருவரும் கேட்பதில்லை. அம்மா சேமக்காலைக்கு மெழுகுதிரி கொண்டுபோவார், கொளுத்துவார், திரும்பி வருவார். ஒரு வருடமும் ஒரு திரி கூடுதலாகக் கொண்டுபோனதில்லை. நான் கவனித்திருக்கிறேன்.

நான் வேறு. உனக்கு இப்போது சொல்லவேண்டும், கலியாணம் கட்டப் போகிறவளிடம் மறைப்பது சரியில்லை. அவன் போன இரண்டாவது மாரியிலிருந்து அவன் உயிரோடு இல்லை என்றே நான் நினைக்கிறேன். எனக்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாத எதையும் நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை, அதனால் வீட்டிலும் சொல்லவில்லை. மழை பெய்த ஒரு பின்னேரம் பாலத்தில் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கி நடக்கவிட்டார்கள். கடல் இரண்டு பக்கமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. அப்போது அந்த எண்ணம் வந்தது, பிறகு போகவில்லை. அவ்வளவுதான். இதை அம்மா வாசிப்பார். வாசிக்கட்டும். அவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. என்னை மட்டும் கேட்டிருந்தால், மகளே, பெயரைக் கொடு என்றுதான் சொல்லியிருப்பேன். ஒருமுறையாவது ஒரு பீடத்தின் முன்னால் யாராவது அவனுக்காக மன்றாடுவதைக் கேட்க எனக்கு ஆசை.

ஐந்து நாள் நான் அம்மாவிடம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூனை இருந்தது. நான் போய் நின்றேன்.

"என்ன, நிக்கிறியள்? மீன் வெட்டப் போறியளோ?"

சொன்னேன். நீ கேட்டதை, நீ கேட்ட சொற்களிலேயே. அம்மா கத்தியை நிறுத்தவில்லை. செதிலை எல்லாம் எடுத்து முடித்தார். குடலைப் பூனைக்குப் போட்டார்.

"செத்தவையோட வேண்டாம்" என்றார்.

"சரி."

"நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு எனக்குத் தெரியும். நான் கேக்கேல்லை."

"சரி."

"உயிரோட இருக்கிறவையின்ர பேர் வாசிக்கிற இடம் ஒண்டும் இல்லையோ அந்தப் பூசையில?"

எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றேன். இருந்தாலும் அதில் அவன் பெயரைக் கொடுக்க என்னால் முடியாது என்பதையும் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. அம்மா மீனைக் கழுவினார். மூன்று தண்ணீர். கழுவி முடித்து, சட்டியைத் தூக்கப் போனவர் திரும்ப இருந்தார்.

"நாங்கள் போகேலாதுதானே" என்றார்.

"ஏலாது." விசாவுக்குக் கொழும்பு போகவேண்டும், கொழும்புக்கு ஆமியின் பாஸ் வேண்டும். இரண்டும் இந்த மாதங்களில் நடக்கிற காரியம் இல்லை. நீயும் அதை அறிந்துதான் ஒரு தடவைக்கு மேல் கூப்பிடவில்லை.

"அப்ப விருந்தில எழும்பிச் சொல்லுவினம்தானே, வர ஏலாமல் போனவையைப் பற்றி? பொம்பிளையின்ர தாய் தேப்பன் வர ஏலேல்லை எண்டு?"

"சொல்லுவினம்."

"எங்கட பேரோட அவன்ர பேரையும் சொல்லச் சொல்லுங்கோ. மூண்டு பேரும் வர ஏலேல்லை எண்டு."

நான் அங்கேயே நின்றேன். பழக்கம் விடாது, பிள்ளை. ஒரு வசனம் கையில் வந்தால் அதில் உறுதிப்படுத்த முடியாதது ஏதும் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அம்மா நினைப்பது சரியென்றாலும் அந்த வசனம் உண்மை. நான் நினைப்பது சரியென்றாலும் உண்மை. இத்தனை வருடத்தில் அவனைப் பற்றி நாங்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்து வைக்கக்கூடிய வசனம் இது ஒன்றுதான்.

ஆகவே சுவாமியிடம் உன் தாத்தா பாட்டிமாரின் பெயர்களை மட்டும் கொடு. விருந்தில் மாப்பிள்ளையோ, அவருடைய தகப்பனோ, யார் எழும்பிப் பேசுகிறாரோ அவரிடம் இதைக் கொடு. "பெண்ணின் அப்பா, அம்மா, அண்ணா மூவராலும் இன்று வர இயலவில்லை." அந்த ஊர் மொழியில் நீயே எழுதிக் கொடு. நான் சரிபார்த்துவிட்டேன். அதில் பிழை இல்லை.

அப்பா